நான்கு முறை நலம்

அலமாரிக்குள் அது மறுபடியும் கூவியது.

அவள் கை அப்போது சட்டை அடுக்கிலிருந்து நீலக்கோடு போட்ட சட்டையை உருவிக்கொண்டிருந்தது. உடம்பைக் கொடுக்கும்போது உடுத்திவிட நல்ல சட்டையாக ஒன்று வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் கேட்டிருந்தார்கள். மகன் பதினொன்றேகாலுக்குக் கிளம்பி அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, பன்னிரண்டு மணிக்குள் அப்பாவோடு திரும்பிவிடுவான்.

இரண்டாவது முறை கூவியது. குயில் மாதிரி ஆரம்பித்துக் குக்கர் மாதிரி முடிகிற சத்தம். கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த நாத்தனார் தலையைத் தூக்கினாள்.

"என்ன அது, சட்டைக்குள்ள கத்துது?"

"அலாரம் அண்ணி. மாத்திரைக்கு வச்சது."

"எந்த மாத்திரை? என் தம்பி தலைவலிக்குக்கூட ஒண்ணு போட மாட்டானே. போட்டிருந்தா இப்படி ஆயிருக்குமா?"

அவள் பனியன்களுக்கு அடியில் கையை நுழைத்தாள். பார்க்கவே தேவையில்லை. திரையின் கீழ்ப்பாதியில், வலது பக்கம். இரண்டு வருடப் பழக்கத்தில் கட்டைவிரல் தானாகப் போய் உட்காருகிற இடம். அழுத்தினாள். சத்தம் நின்றது.

எதை அழுத்தினோம் என்பது அழுத்திய பிறகுதான் உறைத்தது. ஆஸ்பத்திரியின் குளிர் அறையில் நேற்றிலிருந்து கிடக்கிற மனிதர், இன்று காலை பத்து மணிக்கு, தான் நலமாக இருப்பதாக அலுவலகத்துக்குத் தெரிவித்துவிட்டார்.

அலமாரிக் கதவைச் சாத்திவிட்டு அதிலேயே சாய்ந்து நின்றாள். "உக்காரு, விழுந்து கிழுந்து தொலைக்காதே" என்றாள் நாத்தனார்.

அந்த வீட்டில் போன் ஒரு கட்சி மாதிரி. பதினோரு வருடங்களுக்கு முன்னால் அவர் அதில் சேர்ந்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். கிரீஸ் ஏறித் தடித்த விரல்களுக்குத் தோதாக அவர் வாங்கிய போனின் திரை முழுக்கப் பெரிய பெரிய கட்டங்கள் இருந்தன. ஒரு கட்டத்தில் மணி, ஒன்றில் மழை வருமா வராதா, ஒன்றில் அவள் முகம். அந்தக் கட்டம் சும்மா இருக்காது. கொஞ்சத்துக்கொரு தரம் தானாகப் புரண்டு முதுகைக் காட்டி மறுபடி முகத்தைக் காட்டும். "பாரு, போன்ல போட்டாலும் இவ ஒரு இடத்துல அடங்க மாட்டேங்கிறா" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டினார்.

ஊரில் எல்லார் கையிலும் இருந்தவை இரண்டே வகைப் போன்கள். இது மூன்றாவது. ஆரம்பத்தில் நாலைந்து கம்பெனிகள் இந்த வகையில் ஆளுக்கொரு மாடல் போட்டுப் பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டு விலகின. மிஞ்சியது ஒரே ஒரு கம்பெனி. விற்ற கடைக்காரர் நல்லவர், அப்போதே எச்சரித்தார்: "யோசிச்சுக்குங்க சார். பிடிச்சாலும் பிடிக்காட்டியும் இதுல இந்த ஒரு கம்பெனிதான். வேற போக்கிடம் கிடையாது."

"கட்டின பொண்டாட்டியும் ஒரே கம்பெனிதாங்க. வருஷா வருஷம் மாடல் பாத்தா மாத்திக்கிறோம்?" என்றார் இவர்.

கடையே சிரித்தது. அவளும் சிரித்தாள். அன்றைக்கு அது புகழ்ச்சியாகத்தான் காதில் விழுந்தது.

பிறகு அந்த ஒரு கம்பெனியும் கையைக் கழுவிக்கொண்டது. பேங்க் அந்தப் போனில் வேலை செய்ய மாட்டேன் என்றது. பஸ் டிக்கெட் வராது என்றது. உறவுக்காரர்கள் படம் அனுப்பினால் வந்து சேரவில்லை. "ஊரோட ஒத்துப் போங்களேன்" என்று அவள் சொல்லிச் சொல்லி ஓய்ந்தாள். அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால். அவள் வேறு போனுக்கு மாறியபோது இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் சமையலறை வாசலில் வந்து நின்று, "கட்சி மாறினவங்க வீட்டுல டீ கிடைக்குமா?" என்றார். மகன் தன் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த புதுப் போனை உறைகூடப் பிரிக்காமல் அலமாரி உச்சியில் ஏற்றி வைத்தார்.

அலுவலகம் கொடுத்த போன் வந்தது இரண்டு வருடங்களுக்கு முன்னால். மொட்டைமாடி மெஷின் ரூமிலும் லிஃப்ட் குழியிலும் தனியாக வேலை செய்கிறவர்களுக்கு ஏதாவது ஆனால் உடனே தெரிய வேண்டும் என்று செய்த ஏற்பாடு. எந்தக் கட்டடத்தில் என்ன வேலை என்பது அதில்தான் வரும். வேலை தொடங்கியதும் மணிக்கொரு தரம் அது கூவி, 'நலமா?' என்று கேட்கும். 'நலம்' என்ற பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும். ஐந்து நிமிடத்தில் அழுத்தாவிட்டால் அலுவலகத் திரையில் அந்த ஆளின் பெயர் சிவப்பாகும். போன் தானாக அடிக்கும். எடுக்காவிட்டால் பக்கத்தில் இருக்கிற மெக்கானிக்கை அது தானாகவே அந்த இடத்துக்கு ஓடவைக்கும். அவருடைய கட்டப் போனில் இந்த ஏற்பாடு ஓடாது என்பதால் அலுவலகமே வேறு போன் ஒன்றைக் கையில் திணித்தது.

ஒரு வாரம் எடுத்துப் போனார். எட்டாம் நாள் ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டார். "ஒரு உறையில ரெண்டு கத்தியா? நீயே வச்சுக்க. அது கூவினா அமுக்கு. வேலை வந்தா எனக்குப் போன் போட்டு அட்ரஸைப் படி."

"மாட்டினா?"

"யார் பாக்கப் போறா? பச்சையா இருந்தா போதும் அவங்களுக்கு."

அவள் இன்னும் கொஞ்சம் பிடிவாதமாக மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. காரணம் அவளுக்குத்தான் தெரியும். அந்த வாரத்திலிருந்து ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை அவரோடு பேச வேண்டியிருந்தது. கல்யாணம் ஆன புதிதில்கூட அவர் அத்தனை தடவை பேசியதில்லை. "கண்ட்ரோல் ரூம், சொல்லுங்க" என்று எடுப்பார். "ஆறு மாடி, கதவு மூட மாட்டேங்குதாம்" என்று இவள் படிப்பாள். "அதுக்கும் உங்கம்மா மாதிரி வாய் மூடாத வியாதி" என்பார். வேலை விஷயம் அரை நிமிடம், மற்றது ஒன்றரை நிமிடம். வீட்டுக்கு வந்துவிட்டால் பழையபடி கட்டப் போனும் கையுமாக மூலையில் உட்கார்ந்துவிடுவார். பகலில் போனில் வருகிற அந்த மனிதருக்காக அவள் காத்திருந்தாள். பச்சைப் பொத்தானை அவள் சந்தோஷமாகத்தான் அழுத்திவந்தாள்.

நேற்றும் அப்படித்தான். பத்து மணிக்கு அழைத்து ஒரு எட்டுமாடிக் கட்டடத்தின் முகவரியைப் படித்தாள். "வந்துட்டேன் கண்ட்ரோல் ரூம். மெஷின் ரூமுக்கு ஏறணும், அப்புறம் பேசுறேன்" என்றார். பதினொன்றுக்கு அது கூவியது. கீரை ஆய்ந்த கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அழுத்தினாள். பன்னிரண்டுக்குக் கூவியது, அழுத்தினாள். பன்னிரண்டரைக்கு அடுத்த வேலை ஒன்று வந்தது. அவரை அழைத்தபோது போன் அணைந்திருந்தது. அந்தக் கிழட்டு பேட்டரி மதியத்துக்கு மேல் தாங்காது. வாரத்தில் நாலு நாள் அதே கதைதான். ஒரு மணிக்குக் கூவியபோது, "சார்ஜ் போடத் தெரியாத மனுஷனுக்கு நலத்துக்கு என்ன குறைச்சல்" என்று முணுமுணுத்தபடி அழுத்தினாள்.

லிஃப்ட் இன்னும் ஓடவில்லையே என்று திட்டுவதற்காக ஒன்றேகாலுக்கு மாடி ஏறிய வாட்ச்மேன்தான் அவரைப் பார்த்தார். சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாராம். கையில் கட்டப் போன். அணைந்துபோனது.

பதினொன்றையொட்டி வலி வந்திருக்க வேண்டும், பன்னிரண்டு வாக்கில் முடிந்திருக்கும் என்றார் டாக்டர். "நடுவுல யாராவது பாத்துக் கொண்டுவந்திருந்தா ஏதாவது செஞ்சிருக்கலாம்." அவர் யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் அவள் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஃபிரிட்ஜ் மேலிருந்த போனை எடுத்துப் பனியன்களுக்கு அடியில் வைத்தாள். மகன் வெளியூரிலிருந்து வந்து சேர இன்னும் நாலு மணி நேரம் இருந்தது.

"தங்கச்சி இருக்காங்களா?"

கூடத்திலிருந்து வந்த குரலை வைத்தே அது அவருடைய சிநேகிதர் 'பேட்டரி' என்று தெரிந்தது. அவருக்கு நிஜமாக ஒரு பெயர் இருந்தது, யாரும் பயன்படுத்துவதில்லை. கட்டப் போன் வைத்திருந்தவர்கள் ஒரு காலத்தில் நாற்பது பேர் மாதம் ஒரு ஞாயிறு பூங்காவில் கூடினார்கள். நாற்பது இருபதாகி, ஏழாகி, கடைசியில் இரண்டே பேர் மிஞ்சினார்கள்: அவள் கணவரும், பழைய பேட்டரிகளை எங்கெங்கிருந்தோ தேடி எடுத்துப் பெட்டி நிறையச் சேர்த்து வைத்திருந்த இந்த ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரும்.

இஸ்திரிப் பெட்டியைச் சூடாகப் போட்டுவிட்டு அவள் கூடத்துக்கு வந்தாள். மகன் ஜன்னல் பக்கம் முதுகு காட்டி யாரிடமோ போனில் சீறிக்கொண்டிருந்தான். நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த பேட்டரி எழுந்து கும்பிட்டார். கண் சிவந்திருந்தது.

"நேத்து அவன் என்கிட்டதான்மா கடைசியாப் பேசினான்."

அவள் ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் பையை எடுத்து வந்தாள். கண்ணாடி, சாவிக் கொத்து, டெஸ்டர், கட்டப் போன்.

"இதைத் திறந்து காட்டுங்க அண்ணே. யாருக்கெல்லாம் போட்டிருக்காருன்னு பாக்கணும்."

பேட்டரி சட்டைப்பையிலிருந்து ஒரு பேட்டரியை எடுத்தார். துக்க வீட்டுக்கும் அதோடுதான் வந்திருந்தார். போனின் முதுகை நகத்தால் பெயர்த்து மாற்றினார். திரை விழித்தது. கட்டங்கள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. அவள் முகம் ஒரு தரம் புரண்டது.

பத்து மணி இரண்டு நிமிடத்துக்கு அவள் அழைப்பு. பத்து நாற்பத்தொன்றுக்குப் பேட்டரியின் அழைப்பு, பதினான்கு நிமிடம். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. மேலே தள்ளிப் பார்த்தாள், கீழே தள்ளிப் பார்த்தாள். ஒன்றுமே இல்லை.

"பதினாலு நிமிஷம் என்ன பேசினீங்க?"

பேட்டரி தரையைப் பார்த்தார். "கம்பெனி திரும்ப வருதுன்னு ஒரு சேதி படிச்சேன்மா. புது மாடல் போடப் போறாங்கன்னு. அதைச் சொல்லத்தான் போட்டேன். அவனுக்கு எவ்வளவு சந்தோஷம்! ‘சார்ஜ் ஏழுதான் இருக்கு, இருந்தாலும் சொல்லு சொல்லு'ன்னான். வைடா, அப்புறம் பேசலாம்னேன். கேக்கல."

"சேதி நிஜமா?"

"இல்லம்மா. ராத்திரி பாத்தா எவனோ வேலையத்தவன் கிளப்பிவிட்டது."

வலி வந்தபோது அவர் தன்னைக் கூப்பிட முயன்றாரா, அதற்குள் போன் அணைந்துவிட்டதா, அல்லது முயலவே நேரமில்லையா? அது அந்தக் கட்டங்களில் எங்கும் எழுதப்படவில்லை. அவள் முகம் மட்டும் இன்னொரு தரம் புரண்டது. பேட்டரி குரலைத் தாழ்த்தினார்.

"அந்த ஆபீஸ் போனு... வழக்கம்போல நீங்கதானா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அவன் என்கிட்ட சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்மா. ‘எனக்கு வீட்டுலயே ஒரு கண்ட்ரோல் ரூம் இருக்கு'ன்னு. நான் வாயைத் திறக்க மாட்டேன். நீங்களும் திறக்காதீங்க. போனவன் போயிட்டான்." கொஞ்ச நேரம் தன் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "கேக்கக் கூடாத நேரம்தான். எங்களுக்குள்ள ஒரு பேச்சு இருந்துச்சு. யாரு முந்திக்கிறானோ அவன் போன் மத்தவனுக்கு. ஸ்பேர் எங்கயும் கிடைக்கறதில்ல. என்னுதுல திரை கீறிப் போச்சு. அவனுது பாருங்க, கண்ணாடி மாதிரி இருக்கு" என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. முகம் சிரிப்புக்கு ஏற்பட்டதில்லை என்பதுபோல் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது.

"என் படத்தை என்ன பண்ணுவீங்க?"

"அது... அழிஞ்சிரும்மா. எல்லாத்தையும் துடைச்சாத்தான் என்னுது ஏறும்."

"எடுத்துக்குங்க."

சிம் கார்டை மட்டும் கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்தார். போனைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பதினோரு வருடம் ஒன்றையே பிடித்துக்கொண்டிருந்தார் என்று இன்றைக்குக் காலையிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் பெருமையாகச் சொல்கிறார்கள். வேறு எவனும் செய்யாத பொருளைப் பிடித்துக்கொண்டிருப்பதற்குப் பெயர் விசுவாசமா, வேறு வழியில்லாமையா? கடையில் அவர் அடித்த ஜோக்கும் இப்போது வேறு மாதிரி கேட்டது.

சட்டையின் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது கூடத்தில் மகனின் குரல் உடைந்து எழுந்தது.

"எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு இங்க வந்தே?"

வாசலில் முப்பதைத் தொடாத ஒரு பெண் நின்றிருந்தாள். கழுத்தில் அலுவலக அட்டை. மூன்று மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது; லிஃப்ட் மெக்கானிக் குடியிருந்த அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. அசல் கண்ட்ரோல் ரூம் இவள்தான். நேற்று மதியம் அவளுக்குச் செய்தி சொன்ன குரல்.

"டாக்டர் பன்னண்டுங்கிறாரு. உங்க கம்ப்யூட்டர் ஒரு மணிக்கு அப்பா நலம்னு சொன்னாருங்குது. செத்தவரு எழுந்து வந்து அமுக்கினாரா? நீதான் உக்காந்த இடத்துலேருந்து நலம்னு போட்டிருக்கே. ஆளை அனுப்பச் சோம்பேறித்தனம். இப்ப மாட்டிக்கிட்டதும் அழுதுக்கிட்டு வர்றே!"

"சார், எங்களால அங்கேருந்து போட முடியாது சார். போன்லேருந்துதான்..."

"போன் எங்கே? அவரு பையில இல்ல, மெஷின் ரூம்ல இல்ல. அதையும் நீங்கதான் எடுத்து மறைச்சிருக்கீங்க. அடக்கம் முடியட்டும், நேரா போலீஸ்தான். உன் பேரைத்தான் முதல்ல எழுதிக் கொடுக்கப் போறேன்."

அந்தப் பெண்ணின் கண் மகனைத் தாண்டி, இஸ்திரிப் பெட்டியோடு நின்ற அவள் மேல் வந்து நின்றது.

"உள்ள வாம்மா. தண்ணி குடி" என்றாள் அவள்.

"அம்மா, இவளுக்குப் போய்..."

"வெயில்ல வந்திருக்காடா."

சமையலறையில் அந்தப் பெண் தம்ளரை வாங்கினாள், குடிக்கவில்லை.

"அக்கா, இன்னிக்குப் பத்து மணிக்கும் நலம்னு வந்துச்சுக்கா."

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"அந்த வேலை முடிஞ்சுதுன்னு அவர் போன்லேருந்துதான் போட முடியும். நேத்து ஒன்னேகாலுக்கு நான் அலாரத்தை நிறுத்தி மட்டும் வச்சேன். காலையில சிஸ்டம் தானாத் தொடங்கிடுச்சு. பத்து மணிக்கு அவர் பேர் பச்சையாச்சு. நாற்காலியை விட்டு எழுந்து நின்னுட்டேன். அப்புறம்தான் மேப்பைத் தொட்டுப் பாத்தேன். புள்ளி இந்த வீட்டுல இருக்கு. நேத்தும் இங்கதான் இருந்திருக்கு. ரெண்டு வருஷமா இங்கயேதான் இருந்திருக்கு."

"யார்கிட்ட சொன்னே?"

"யார்கிட்டயும் சொல்லல. பச்சையா இருந்தாலும் இடத்தையும் பாக்கணும்னு ரூல் இருக்கு. நூத்தி இருபது பேரு பச்சையா இருக்கறப்ப யாருக்கா பாக்கறா? நானும் ஒரு நாள்கூடப் பாத்ததில்ல. பாத்திருந்தா..." உதட்டைக் கடித்துக்கொண்டாள். "சார் காலையில போன்ல கத்தினதும் மேனேஜர் என்னை எழுதிக் கொடுக்கச் சொல்லிட்டாரு. நான்தான் பொய்யா நலம்னு போட்டேனான்னு. சாயந்திரத்துக்குள்ள கொடுக்கணும். நீங்க சொல்லுங்கன்னு கேக்க வரலக்கா."

தம்ளரை மேடையில் வைத்தாள்.

"இல்ல. அதைக் கேக்கத்தான் வந்தேன்."

அவள் ஜன்னல் வழியே பார்த்தாள். கீழே நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். சொல்லாமல் இருந்தால் என்ன ஆகும்? இந்தப் பெண்ணின் வேலை போகும். மகன் ஆயுசுக்கும் இவளைச் சபித்துக்கொண்டிருப்பான். சபிப்பதற்கு ஒரு முகம் கிடைத்தால் அவன் துக்கம் ஆறிவிடும். பேட்டரி வாயைத் திறக்க மாட்டார். சொன்னால், மகன் இந்த வீட்டுக்குள் வந்து அம்மா என்று கூப்பிடும் ஒவ்வொரு முறையும் அந்தப் பதினொரு மணியும் கூடவே வரும்.

படுக்கையறையில் அது கூவியது.

மணி பதினொன்று. குயிலாக ஆரம்பித்துக் குக்கராக முடிந்தது. அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஏய், இந்தா, மறுபடியும் கத்துது உன் மாத்திரை!" நாத்தனாரின் குரல்.

அவள் உள்ளே போனாள். பனியன்களைத் தூக்கிப் போனை வெளியே எடுத்தாள். கட்டைவிரல் தானாகப் பச்சையை நோக்கி நகர்ந்தது. விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள். கூவிக்கொண்டேயிருந்த போனையும் தேய்த்த சட்டையையும் கூடத்துக்குக் கொண்டுவந்து, நடுவிலிருந்த மேஜைமேல் அருகருகே வைத்தாள்.

மகன் அதைப் பார்த்தான். பின்புறம் ஒட்டியிருந்த கம்பெனிச் சீட்டைப் பார்த்தான்.

"இது எங்கேம்மா இருந்துச்சு?"

"வீட்டுலதான். எப்பவும் வீட்டுலதான் இருக்கும். அவரு எடுத்துட்டுப் போக மாட்டாரு." சட்டையின் காலரை நேராக்கினாள். "நேத்து நான்தான் அமுக்கினேன். பதினொன்னு, பன்னண்டு, ஒன்னு. மூணு தடவை. இன்னிக்கு ஒரு தடவை. அந்தப் பொண்ணு ஒண்ணும் பண்ணல."

கூடத்தில் ஆறேழு பேர் இருந்தார்கள். பேட்டரி எழுந்து நின்று, எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார்.

"ஏம்மா?" மகனின் குரல் ஐந்து வயசுக்காரனுடையதுபோல் இருந்தது.

"நல்லா இருக்காருன்னு நெனச்சேன்டா."

போன் கூவியது. 'நலமா?' என்ற எழுத்துக்குக் கீழே ஒரு மெல்லிய கோடு இடமிருந்து வலமாகத் தேய்ந்துகொண்டே போனது. அதில் நிமிடம் ஓடியது: நான்கு, மூன்று.

"அதை அமுக்கித் தொலையேன், காதே போகுது" என்றாள் நாத்தனார், விஷயம் புரியாமல், அறை வாசலில் நின்றபடி.

யாரும் அமுக்கவில்லை. மகன் இரண்டு கைகளையும் மேஜைமேல் ஊன்றி அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். ஐந்து நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று இரண்டு வருடத்தில் அவளுக்கு இன்றுதான் தெரிந்தது. ஒருநாளும் அதைக் கால் நிமிடத்துக்குமேல் ஓடவிட்டதில்லை.

கோடு தீர்ந்தது. திரை முழுவதும் சிவந்தது. போன் மணி அடித்தது; அலுவலக எண். அலுவலகத்தின் ஆள் இங்கேயே சமையலறை வாசலில் நிற்க, அங்கே கம்ப்யூட்டர் தானாகக் கூப்பிட்டது. ஆறு தடவை அடித்து ஓய்ந்தது. பிறகு ஒரே ஒரு வரி வந்தது: 'அருகிலுள்ள பணியாளர் வருகிறார்.'

"நிறுத்தணும்னா நான் ஆபீஸுக்குப் போட்டுச் சொல்லணும்" என்றாள் அந்தப் பெண், யாரையும் பார்க்காமல். போனைக் கையில் எடுத்தாள். போடவில்லை.

மகன் சட்டையை எடுத்தான். மடிப்பைப் பிரித்தான், மறுபடி மடித்தான். பதினொன்றேகாலுக்குக் கிளம்ப வேண்டியவன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து சட்டையை மடியில் வைத்துக்கொண்டான். அவள் அவன் அருகில் போகப் பார்த்தாள். இரண்டு அடி வைத்து நின்றுகொண்டாள்.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. யாரோ இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறிவந்தார்கள். வாசலில் சாம்பல் நிறச் சீருடையில் நாற்பது வயதுக்காரர் ஒருவர் வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு தோளில் கருவிப்பை, ஒரு கையில் முதலுதவிப் பெட்டி. நேற்று மாலை ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்ற மெக்கானிக்குகளில் அவரும் ஒருவர்.

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் மேஜைமேல் சிவந்து கிடந்த போனைப் பார்த்தார்.

"பேரைப் பாத்தேன். தெரியும்மா, அவருதான்னு தெரியும்." வார்த்தைக்கு நடுவில் மூச்சு இழுத்தது. "இருந்தாலும்... சிவப்பு வந்தா ஓடணும்ல."

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று பதினான்கு. கூவ ஆரம்பித்துப் பதினான்கே நிமிடம்.

சமையலறை மேடைமேல் அந்தப் பெண் குடிக்காமல் வைத்த தம்ளர் அப்படியே இருந்தது. அதை எடுத்துவந்து அவரிடம் நீட்டினாள். முதலுதவிப் பெட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர் அதைக் கையிலேயே வைத்திருந்தார். நெற்றி வேர்வை புருவத்தில் இறங்கியது. மூச்சு இன்னும் அடங்கவில்லை. அது அடங்கட்டும் என்று தம்ளரைப் பிடித்தபடி அவள் நின்றாள்.